நோயாளி வேலை

மீனம்மாவின் வலது கண்ணில் பூ விழுந்த வருஷமும் ஜெயரத்தினம் ஐயா ஹட்டனில் வந்திறங்கிய வருஷமும் ஒன்றுதான். அது தொண்ணூற்று மூன்று. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்றுதான் ஆரம்பத்தில் எல்லாரும் நினைத்தார்கள்.

றொசல்ல ஸ்டேசனில் இறங்கி, தேயிலைக்கு நடுவே போகும் வண்டிப்பாதையில் மூச்சு வாங்க ஏறினால் வட்டக்கல் தோட்டம். அங்கே மேட்டு லயத்தில், அந்த வரிசை வீடுகளின் கடைசிக் காம்பராவில் மீனம்மா குடியிருந்தாள். கொழுந்து பறிப்பவள். புருஷன் சோலைமலை, முற்றிய தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுபவன். அவன் அதிகம் பேசமாட்டான். பேசினால் அது வாக்குவாதத்தில் போய் முடியும் என்பதும், அதில் தான்தான் தோற்பான் என்பதும் கல்யாணமான புதிதிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

கண் மங்கிக்கொண்டு வந்ததும் மீனம்மா தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனாள். அங்கே இருந்தவர் இரண்டு வெள்ளை மாத்திரை கொடுத்தார். வயிற்றுவலிக்கும் அட்டைக்கடிக்கும் அதே மாத்திரைதான் என்பதால் அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் மனிதர் நல்ல புத்தியும் சேர்த்துச் சொன்னார்.

"இது கற்றரக்ட். இங்க ஒண்ணும் செய்ய ஏலாது. கண்டிப் பெரியாஸ்பத்திரிக்குப் போ. எடுத்துருவாங்க. சல்லி செலவில்ல."

சோலைமலை ஒரு நாள் லீவு கேட்டு வைத்தான். பக்கத்துக் காம்பரா காளியாயி பயணத்துக்கென்று நல்ல சேலை ஒன்றை இரவல் கொடுத்தாள். மறுநாள் காலை ரயிலுக்குப் போவதென்று எல்லாம் முடிவாகியிருந்த வேளையில்தான் ஜெயரத்தினம் ஐயா ஜீப்பில் வந்தார்.

அவர் மத்திய மலைநாட்டு நலிவுற்றோர் நல்வாழ்வு மேம்பாட்டு நிறுவனத்தின் புதிய திட்ட அலுவலர். அந்தப் பெயரை ஒரே மூச்சில் சொல்லத் தோட்டத்தில் யாருக்கும் தெம்பில்லாததால் 'மேம்பாடு' என்று சுருக்கிக்கொண்டார்கள். யாழ்ப்பாணத்துக்காரர். வெளிநாட்டில் சுகாதார நிர்வாகம் படித்தவர். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கெட்டவராக இருந்திருந்தால் இந்தக் கதை சீக்கிரமே முடிந்திருக்கும்.

வேலைக்குப் போகிறவர்கள் கைப்பிள்ளைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பரா வாசலில் தோட்டத்துச் சனங்களை வரிசையாக நிறுத்தி அவர் பார்த்துக்கொண்டு வந்தார். மீனம்மாவின் முறை வந்தபோது டோர்ச் அடித்து அவள் கண்ணைப் பார்த்தார். பார்த்தவர் டோர்ச்சை அணைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் அழுகிறார் என்பது மீனம்மாவுக்கு நல்ல கண்ணில் தெரிந்தது.

"அம்மா, நீங்கள் கண்டிக்கெல்லாம் அலையத் தேவையில்லை. இந்தக் கண் இனி எங்கட பொறுப்பு. ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ" என்றார்.

அன்று மாலை அவள் இரவல் சேலையை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"அவ்வளவு படிச்ச மனுசன் என் கண்ணப் பாத்து அழுதுட்டாருங்க" என்று சோலைமலையிடம் சொன்னாள். "நம்ம சொந்தத்துல யாராச்சும் அழுதாங்களா?"

"அழுதா சரியாயிருமா?"

"அவரே செஞ்சு தாரேன்னு சொல்றாரு. வேணாம்னு எப்பிடிங்க சொல்றது? மரியாதையா இருக்குமா?"

சோலைமலை வழக்கம்போலத் தோற்றான்.

அடுத்த வாரம் மேம்பாட்டிலிருந்து ஒருவர் வந்து மீனம்மாவின் கண்ணைப் போட்டோ பிடித்தார். கண்ணை மட்டும். பிறகு முகத்தோடு. பிறகு கூடையோடு. கூடையை நெற்றியில் மாட்டிக்கொண்டு மலையைப் பார்த்து நிற்கச் சொன்னார். அந்தப் பக்கம் மலைதான் தெரியவில்லை என்று அவள் சொன்னாள். அதுதான் வேண்டும், அப்படியே நில்லுங்க என்றார் அவர்.

போட்டோவுக்குப் பிறகு ஆய்வு வந்தது. 'தேவைகளை இனங்காணும் ஆய்வு' என்று பெயர். படித்த பெண்பிள்ளைகள் வந்து, தண்ணீருக்கு எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள், எதிர்காலத்தைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்றெல்லாம் கேட்டுப் போனார்கள். ஒப்பரேசன் எப்போது என்று மீனம்மா கேட்டாள். ஜெயரத்தினம் ஐயா பொறுமையாக விளக்கினார். ஆய்வு நடக்கும்போது நோயாளி சுகமாகிவிட்டால் ஆய்வில் கண்ட தேவை இல்லாமல் போய்விடும். தேவை இல்லாத இடத்துக்கு யாரும் உதவி தரமாட்டார்கள். ஆகவே ஆய்வு முடியும்வரை அவள் நோயாளியாக இருக்கத்தான் வேண்டும். கேட்டபோது நியாயமாகத்தான் பட்டது.

ஆய்வு முடிந்ததும் தொடக்க விழா. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தின் கற்களுக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்தார்கள். தோட்டத்தை நடத்தும் தொரை வந்தார், கொழும்பிலிருந்து வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். மீனம்மாவை மேடையில் நடு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அவளுக்குப் பின்னால் அவளுடைய கண், கதவு அளவுக்குப் பெரிதாகத் துணியில் அச்சாகித் தொங்கியது.

ஜெயரத்தினம் ஐயா ஒலிபெருக்கியைப் பிடித்தார். "இந்தத் தாயின் கண்ணைப் பாருங்கள். நூற்றைம்பது வருடப் புறக்கணிப்பு இந்தக் கண்ணில் படிந்திருக்கிறது. நான் இன்று இந்த மேடையில் சத்தியம் செய்கிறேன். இந்தக் கண் இப்படி இருக்கும்வரை எங்கள் பணி ஓயாது."

எல்லாரும் கைதட்டினார்கள். மீனம்மாவும் தட்டினாள்.

"அப்ப கண்ணு சரியாயிட்டா பணி ஓஞ்சிருமா?" என்று கூட்டத்தின் பின்னால் நின்ற சோலைமலை கேட்டான். பக்கத்தில் நின்றவர்கள் அவனைச் சும்மா இருக்கச் சொன்னார்கள்.

சிக்கல் அன்று மாலை வந்தது. தோட்டத்தில் ஒருவர் வேலைக்குப் போனால் அன்றைக்கு அவருக்கு ஒரு பேர் விழும். பேர் விழுந்தால்தான் சம்பளம். மேடையில் உட்கார்ந்த மீனம்மாவுக்கும் பேர் போடும்படி தொரை, வெள்ளைக்காரர்கள் கேட்கும்படியாகச் சொல்லிவிட்டார். வேலையை மேற்பார்த்துப் பேர் போடும் கண்டாக்கு ஐயா திகைத்துப்போனார். கொழுந்து இல்லை, கவ்வாத்து இல்லை, புல்வெட்டு இல்லை, ஸ்டோர் வேலையும் இல்லை. அவர் உத்தியோகத்தில் அப்படியொரு வேலையைக் கண்டதில்லை. கடைசியில் வேலை என்ற இடத்தில் 'நோயாளி' என்று எழுதிப் பேரைப் போட்டார்.

தோட்டத்தில் ஒன்றுக்குப் பேர் விழுந்துவிட்டால் அது வேலைதான். அதில் யாருக்கும் சந்தேகம் வராது. மறுநாள் பெரட்டிலேயே மேட்டு லயத்து மீனம்மாவுக்கு நோயாளி வேலை கிடைத்திருக்கிறது என்ற செய்தி பரவிவிட்டது. மேம்பாட்டுக்கு விருந்தாளி வந்தால் ஜீப் வரும். மீனம்மா போய் உட்கார்ந்துவிட்டு வருவாள். பேர் விழும், பகல் சாப்பாடும் உண்டு.

காளியாயி மூன்று நாள் மீனம்மாவோடு பேசவில்லை. நாலாம் நாள் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் வைத்துக் கேட்டேவிட்டாள்.

"நானுந்தான் வருசக்கணக்கா முட்டு வலியோட மலையேறி எறங்குறேன். எனக்கு ஒரு நாளாச்சும் அந்த வேலையக் குடுத்தாங்களா?"

"நான் கேட்டா வாங்குனேன்?" என்றாள் மீனம்மா.

"கேக்காமக் குடுக்கிறாங்கன்னா சிபாரிசு இருக்கணும்."

விஷயம் தொழிற்சங்கத்துக்குப் போயிற்று. தோட்டத் தலைவர் மாயாண்டி நியாயஸ்தர். நோயாளி வேலை ஒரே குடும்பத்துக்கே போவது சரியில்லை, லயத்துக்கு ஒருவராக முறை வைத்துக் கொடுக்க வேண்டும், ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாக இருக்க வேண்டும் என்று கமிட்டி கூடி முடிவெடுத்து, ஹட்டனுக்குப் போய் ஜெயரத்தினம் ஐயாவிடம் நேரில் சொன்னார்.

ஐயாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "இதைத்தான் தலைவர், சமூகம் தானாக முன்வந்து பொறுப்பெடுக்கிறது எண்டு நாங்கள் சொல்லுறனாங்கள்" என்றார். அந்த மாதமே கொழும்பில் நடந்த ஒரு மாநாட்டில் இதைச் சொன்னார். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியதாம். திட்ட அலுவலர் பிராந்திய இணைப்பாளரானார். ஜீப்பும் பெரிதாயிற்று. மாயாண்டியின் கோரிக்கை மட்டும் நிறைவேறவில்லை. "போஸ்டர் அடிச்சாச்சு தலைவர், இனி ஆளை மாத்த ஏலாது" என்று ஐயா வருத்தத்தோடு தெரிவித்தார்.

இதற்கிடையில் கண் முற்றிக்கொண்டு வந்தது. வலது பக்கம் நிற்பவர்கள் மீனம்மாவுக்கு இல்லாதவர்களாகிவிட்டார்கள். மலையில் அந்தப் பக்கத்துச் செடியில் கை போகாமல் நிறைய விட்டுவிட்டு வந்தாள். கண்டாக்கு ஐயா ஏசினார். ஒவ்வொரு முறை ஜீப்பில் ஏறும்போதும் இந்த முறை செய்துவிடுவார்கள் என்றுதான் அவள் நினைத்தாள். திரும்பி வரும்போது ஒரு துவாயோ பிஸ்கட் பெட்டியோ கையில் இருக்கும்.

பிறகு ஹட்டனில் மேம்பாட்டுக்குச் சொந்த மாடிக்கட்டிடம் எழும்பியது. அதில் ஒரு சத்திரசிகிச்சைக் கூடம். ரிபன் வெட்டும்போது கத்தரிக்கோலைத் தட்டில் வைத்து ஏந்தி நின்றவள் மீனம்மாதான். உள்ளே பளபளவென்று விளக்கு, மேசை, எல்லாம் இருந்தன. டாக்டர்தான் இல்லை. கட்டிடத்துக்குக் காசு கொடுத்தவர்கள் கட்டிடத்துக்கு மட்டும்தான் கொடுப்பார்களாம். டாக்டருக்குக் கொடுப்பவர்கள் வேறு ஆட்களாம். அவர்களுக்குக் காட்டுவதற்குத்தான் இந்தக் கட்டிடமாம். அதுவரை கூடம் சும்மா கிடக்கக்கூடாதென்று விழாவுக்கான பிளாஸ்டிக் நாற்காலிகளை உள்ளே அடுக்கினார்கள். அந்த மேசை ஒரே ஒரு தடவை பயன்பட்டது. மலைப்பாதை வளைவில் தலைசுற்றி வந்த பிரதம விருந்தினர் ஒருவரை அதில் அரைமணி நேரம் படுக்கவைத்திருந்தார்கள்.

டாக்டருக்குக் காசு கொடுப்பவர்கள் மதிப்பீட்டுக்கு ஒரு வெள்ளைக்காரியை அனுப்பினார்கள். மொழிபெயர்க்க மேம்பாட்டிலிருந்து ஒருவர் கூட வந்தார். மேம்பாட்டின் சேவை எப்படி என்று அந்த அம்மாள் மீனம்மாவிடம் கேட்டாள்.

"நல்லாக் கவனிக்கிறாங்க. ஜீப்புல கூட்டிட்டுப் போறாங்க. சோறு குடுக்கிறாங்க. கண்ணுதான் தெரியல."

மொழிபெயர்ப்பாளர் நெடுநேரம் பேசினார். அறிக்கை இப்படி வந்தது: பயனாளிக்குச் சேவையில் பெருந்திருப்தி, பார்வை தொடர்பில் மேலும் நிதி தேவை. நிதி வந்தது. அதில் இன்னொரு ஆய்வு நடந்தது.

இரண்டாயிரமாம் ஆண்டு, கொழுந்து நிறுக்கும் நேரத்தில், மீனம்மா வலது கண்ணைப் பொத்திக்கொண்டு மலையிலேயே உட்கார்ந்துவிட்டாள். மண்டையைப் பிளக்கிற வலி, வாந்தி. கண் இரத்தமாய்ச் சிவந்திருந்தது. மேம்பாட்டு ஜீப் ஒரு விமான நிலையப் பயணத்துக்குப் போயிருந்ததால் கொழுந்து லொறியில் சாக்குகளுக்கு மேலே அவளைக் கிடத்தினார்கள். கண்டிக்குப் போய்ச் சேர மறுநாளாயிற்று.

அங்கே ஒரு சிங்கள டாக்டர் நெடுநேரம் பார்த்தார். இவ்வளவு காலம் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டார். சோலைமலைக்குச் சிங்களம் நன்றாகவே தெரியும். இருந்தும் 'ஹட்டனில்' என்று மட்டும்தான் சொன்னான். முற்றிய கற்றரக்ட் கண்ணுக்குள் அழுத்தத்தை ஏற்றி நரம்பைக் கொன்றுவிட்டது, இனி இந்தக் கண்ணில் வெளிச்சம்கூட வராது என்று டாக்டர் சொன்னார். இடது கண்ணிலும் ஆரம்பித்திருக்கிறது, அதை இப்படி விட்டுவிடாமல் மங்கத் தொடங்கியதும் கொண்டுவரவேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மீனம்மா அழவில்லை. சோலைமலைதான் ஆஸ்பத்திரி வாட்டுக்கு வெளியே போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதான்.

செய்தி கேட்டு ஜெயரத்தினம் ஐயா லயத்துக்கே வந்தார். காம்பரா வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்தார். உண்மையிலேயே அவர் முகம் வாடித்தான் இருந்தது.

"நான் உடைஞ்சுபோனன் அம்மா. ரெண்டு நாளாச் சாப்பிடேல்லை" என்றார். பிறகு தலையை நிமிர்த்தினார். "ஆனா இடது கண் இருக்குத்தானே. இந்த முறை நாங்கள் விடமாட்டம்."

வலது கண் வீண்போகவில்லை. 'ஒரு கண் கற்பித்த பாடங்கள்' என்று ஐயா எழுதிய கட்டுரையைப் பெரிய தேசங்களில் படித்தார்களாம். நலிவுற்ற சமூகங்களுக்குச் சுகாதாரம் ஏன் போய்ச் சேருவதில்லை என்பதை அதில் அவர் அருமையாக விளக்கியிருந்தாராம். அந்த வருஷமே அவர் நிறைவேற்றுப் பணிப்பாளரானார். மேம்பாட்டின் இரண்டாம் கட்டம் தொடங்கியது. புதுப் போஸ்டரில் இடது கண்.

இரண்டாம் கட்டத்தின் நடைமுறை முதற்கட்டத்தைவிடச் சீரானது. முதலில் தேவை ஆய்வு, பிறகு தொடக்க விழா, பிறகு மதிப்பீடு. மீனம்மாவுக்கு எல்லாம் பழகிவிட்டது. எந்த விருந்தாளிக்கு எழுந்து நிற்க வேண்டும், எப்போது கும்பிட வேண்டும், எந்தக் கேள்விக்குத் தலையாட்ட வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. கண்டாக்கு ஐயாவும் இப்போது யோசிப்பதில்லை. ஜீப் சத்தம் கேட்டதுமே பேரைப் போட்டுவிடுவார்.

ஆனால் இரண்டாயிரத்தாறில் இடது கண்ணும் புகை மூடிவிட்டது. கொழுந்தும் முத்தலும் ஒன்றாகத் தெரிந்தன. சோற்றில் கிடக்கும் கல்லை நாக்குத்தான் கண்டுபிடித்தது. ஒரு நாள் சோலைமலை எதிரில் வந்து நின்றபோது, "யாரு?" என்று கேட்டுவிட்டாள். அவன் உள்ளே போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தான்.

"எந்திரி. கண்டிக்குப் போறோம்."

"அடுத்த மாசம் செய்றதா ஐயா சொல்லியிருக்காருங்க. கேக்காமப் போனா என்ன நெனப்பாரு?"

"நெனச்சுட்டுப் போகட்டும். ஒரு கண்ண அவரு மனசு நோகாமப் பாத்துக்கிட்டது போதும்."

கல்யாணமாகி முதல் தடவையாக அவன் ஜெயித்தான். கண்டியில் வரிசையில் நின்றார்கள். போன தடவை பார்த்த டாக்டர் அங்கே இல்லை. இருந்தவர் கண்ணைப் பார்த்தார், திகதி கொடுத்தார், அந்தத் திகதியில் வரச் சொன்னார். போனார்கள். கண்ணைப் போட்டோ பிடிக்கவில்லை, ரிபன் வெட்டவில்லை, மேடை போடவில்லை, யாரும் பேசவில்லை. மீனம்மாவோடு அன்று அந்த நீள வாங்கில் வரிசையாக உட்கார்ந்திருந்த சிங்களக் கிழவர்களுக்கும் முஸ்லிம் அம்மாவுக்கும்கூட அதே வேலை நடந்தது. பகல் சாப்பாட்டுக்கு முன்னால் எல்லாம் முடிந்துவிட்டது. மறுநாள் கட்டை அவிழ்த்தபோது எதிரே ஒரு நரைத்த மனுஷன் நின்றான். இவ்வளவு நரைத்துப்போயிருக்கிறானே என்று மீனம்மா சோலைமலையின் தலையைத் தொட்டுப் பார்த்தாள். இதற்குத்தானா இத்தனை வருஷம் காத்திருந்தோம் என்று அப்போதுதான் அவளுக்கு ஆத்திரம் வந்தது.

மேம்பாட்டில் அவசரக் கூட்டம் கூடியது. அதன் பிறகு வெளிக்கள அலுவலர் ஊர்மிளா லயத்துக்கு வந்தாள். ஹட்டன் டவுன் பிள்ளை, நல்ல குணம்.

"என்னக்கா இப்பிடிப் பண்ணிட்டீங்க? எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"கண்ணு தெரியுது புள்ள" என்றாள் மீனம்மா. "ஒன்னையே இப்பத்தான் பாக்குறேன். சின்னப் பிள்ளையா இருக்கியே."

"சந்தோசந்தான்க்கா. ஆனா இத எங்க ரிப்போட்டுல எங்கயும் போட ஏலாது. நம்ம செஞ்சதா இருந்தாப் போடலாம். யாரோ செஞ்சத எப்பிடிப் போடுறது? ரெண்டாங் கட்டத்துல நீங்க இன்னும் காத்துக்கிட்டு இருக்கிறதாத்தான் இருக்கு." ஊர்மிளா குரலைத் தாழ்த்தினாள். "அடுத்த வருசம் ஐயா வெளிநாட்டுக்குப் பெரிய வேலையாப் போறாங்க. பிரியாவிடை விழா வைக்கிறோம். அன்னிக்கு மட்டும் ஒங்களுக்கு ஒரு வெள்ளப் பிரம்பு குடுப்பாங்க. கையில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாப் போதும். பேர் போடச் சொல்லி தொரகிட்ட சொல்லியாச்சு."

மீனம்மா சரி என்றாள். இவ்வளவு காலம் பழகிய மனுஷர். ஒரு நாள் உட்கார்ந்தால் குறைந்து போய்விடாது என்று நினைத்தாள். சோலைமலை வரமாட்டேன் என்றுவிட்டான்.

விழா ஹட்டனில் மேம்பாட்டு மண்டபத்தில், இரண்டாயிரத்தேழு மார்ச்சில். உள்ளே இடமில்லாதவர்களும் கேட்கட்டும் என்று தெருவைப் பார்த்து ஒலிபெருக்கிக் குழாய்கள் கட்டியிருந்தார்கள். மீனம்மாவின் கையில் பிரம்பைக் கொடுத்து மேடையில் உட்காரவைத்தார்கள். ஜெயரத்தினம் ஐயாவும் நரைத்திருந்தார், உடம்பும் வைத்திருந்தார். மீனம்மாவைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் பார்க்கிறாள் என்பது நினைவு வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் ஓர் இளம்பெண் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். பெயர் லோஜினி, தோட்டத்தின் கீழ்ப்பிரிவான கீழ்க்கணக்கு லயம் என்றாள். குழந்தைக்கு ஐந்தாறு மாதம் இருக்கும். துறுதுறுவென்று காலை உதைத்துக்கொண்டிருந்தது. மீனம்மா அதன் முகத்துக்கு நேரே விரலை ஆட்டிக் கொஞ்சினாள். அது விரலைப் பார்க்கவில்லை. அவள் குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பிச் சிரித்தது. குனிந்து பார்த்தாள். இரண்டு கறுப்பு முழிகளின் நடுவிலும் பாலாடை படிந்த மாதிரி வெள்ளை.

"பொறந்ததுலேருந்து இப்பிடித்தான்க்கா" என்றாள் லோஜினி. "கண்டிக்குக் கொண்டு போகத்தான் இருந்தோம். இந்த ஐயா வந்து பாத்துட்டு, எங்க பொறுப்புன்னு சொல்லிட்டாரு. புள்ளையப் பாத்து அழுதாரு. மூணாங் கட்டம் தொடங்கப் போறாங்களாம். தொடக்க விழா முடிஞ்சதும் செய்வாங்களாம்."

"ஒனக்குப் பேர் விழுதா?"

"ஆமாக்கா. எனக்கு மட்டுமில்ல, புள்ளைக்குச் சேத்து ஒன்றரப் பேர் போடுறதா கண்டாக்கு சொல்லியிருக்காரு."

மேடைக்குப் பின்னால் இன்னும் திறக்காத திரை ஒன்று தொங்கியது. அதன் ஓரத்தில் ஒரு சின்னக் கண் தெரிந்தது.  மீனம்மாவின் வலது கண் ஏழு வருஷம் தாங்கியது. இது இப்போதுதான் பார்க்கத் தொடங்கவேண்டிய கண். விழாவுக்குக் காத்திருந்தால் இதற்குப் பார்வை என்றால் என்னவென்றே தெரியாமல் போய்விடும் என்று அவளுக்குப் பட்டது. அவள் எந்த ஆய்வும் செய்யவில்லை.

ஐயா பேச எழுந்தார்.

"பதினான்கு வருடங்களுக்கு முன் நான் இந்த மலைக்கு வந்தபோது எனக்கு இருந்தது ஒரேயொரு கனவு. இந்த மக்களின் துன்பத்தை உலகம் அறியச் செய்ய வேண்டும். இன்று உலகம் அறியும். மீனம்மா என்ற பெயரை ஏழு நாடுகளில் அறிவார்கள். நான் எத்தனையோ படிகள் ஏறியிருக்கிறேன். ஆனால் ஒவ்வொரு படியிலும் இந்தத் தாயை என்னோடு வைத்திருந்தேன். அவரை எங்கேயும் போகவிடவில்லை."

மண்டபம் கைதட்டியது. அந்தச் சத்தத்தில் மீனம்மா எழுந்தாள். பிரம்பை நாற்காலியில் சாய்த்து வைத்தாள். லோஜினியின் மடியிலிருந்து குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு மேடைப் படியில் இறங்கினாள்.

லோஜினிக்கு ஒன்றும் புரியவில்லை. சொந்தப் பிள்ளை போகிறது, உட்கார்ந்திருக்க முடியுமா? செருப்பைக்கூட மாட்டாமல் பின்னால் ஓடிவந்தாள்.

"அக்கா, எங்கக்கா கொண்டு போறீங்க? கூட்டம் நடக்குது."

"கண்டிக்கு. பன்னெண்டு மணி ரயிலு இருக்கு."

"பேர் போயிருமேக்கா."

"போகட்டும் புள்ள. ஒம் புருசன்கிட்ட நான் சொல்லிக்கிறேன், வா."

நடுப்பாதையில் போகும் இருவரையும் மண்டபம் திரும்பிப் பார்த்தது. வெள்ளைக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஊர்மிளா வாசலில் நின்றாள். மறிப்பாள் போலத்தான் இருந்தது. ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுக் கதவை அகலத் திறந்துவிட்டாள். மேடையில் ஜெயரத்தினம் ஐயா விளிம்புவரை வந்தார். குழந்தையைச் சுமந்து போகும் அந்த முதுகை அவர் வெறித்துப் பார்த்தார். ஏதோ ஒன்று அவருக்குப் புரிந்த மாதிரி இருந்தது. ஆனால் கையில் ஒலிபெருக்கி இருந்தது, பதினான்கு வருஷப் பழக்கமும் இருந்தது.

அவர்கள் தெருவில் இறங்கி ஸ்டேசன் பக்கம் திரும்பியபோது தலைக்கு மேலே குழாய் மறுபடி பேசத் தொடங்கியது.

"பாருங்கள், நண்பர்களே. இதோ எங்கள் கண்முன்னால் பாருங்கள். பயனாளிகள் தாங்களாகவே எழுந்து நடக்கிறார்கள். யாரும் கை பிடிக்கவில்லை. யாரும் வழி காட்டவில்லை. இதைவிட மேம்பாட்டுக்கு வேறென்ன சாட்சி வேண்டும்?"

கைதட்டல் ஹட்டன் கடைத்தெரு முழுக்கக் கேட்டது. மரக்கறிக்கடைக்காரர் என்ன விசேஷம் என்று எட்டிப் பார்த்தார்.

"அக்கா, நம்மளப் பத்தித்தான் பேசுறாரு" என்றாள் லோஜினி.

"பேசட்டும். நீ டிக்கட் எடு."

ரயில் தாமதம். மீனம்மா வாங்கில் உட்கார்ந்து குழந்தையை மடியில் கிடத்தினாள். ஊருக்குள் கைதட்டல் நிற்கவில்லை. சத்தம் வந்த திசைக்கெல்லாம் குழந்தை தலையைத் திருப்பித் திருப்பிச் சிரித்துக்கொண்டிருந்தது.